பழைய பாணியில் கட்டிய கோட்ஃப்ரீட் செம்பரை நவீனர்கள் ஏன் விடாமல் படித்தார்கள்?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போய், 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் கோட்ஃப்ரீட் செம்பரின் பெயரைத் தாங்கிய நாடகசாலையான செம்பர் ஒபேராவைப் பார்த்துவிட்டு வந்த ஒருவரின் கேள்வி இது: "கட்டடம் அழகுதான். ஆனால் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் உட்கார்ந்துகொண்டு, முந்நூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிய மாளிகைகளைப் பார்த்துக் கட்டியதுதானே? அப்படிப்பட்டவரை நவீனக் கட்டடக்கலையின் மூலவர்களில் ஒருவர் என்று பாடப்புத்தகங்கள் எப்படிச் சொல்கின்றன?"

நியாயமான கேள்வி. மாணவனாக இருந்தபோது நானும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டேன். வரலாற்றுப் பாடத்தில் செம்பர் இரண்டு முறை வருவார். 19ஆம் நூற்றாண்டின் பழம்பாணிக்காரர்களோடு ஒரு முறை, நவீனத்துக்கு வழிவிட்ட சிந்தனையாளர்களோடு இன்னொரு முறை. இரண்டும் ஒரே ஆள் என்பது எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது. என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், அவருக்குச் சுவர் என்பது கட்டடம் உடுத்திய துணி. அந்த இத்தாலிய மறுமலர்ச்சிக் கால முகப்பை அவர் மாட்டியதும் அந்த நம்பிக்கையில்தான். பின்னால் வந்தவர்கள் அதைக் கழற்றிப் போட்டதும் அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்துத்தான்.

செம்பர் பிறந்தது 1803 நவம்பர் 29, ஹம்பர்க்கில். கம்பளித் தொழில் செய்த வசதியான குடும்பம். பிற்காலத்தில் இவர் நூலும் முடிச்சும் நெசவும் என்றே பேசிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார், பிறகு மியூனிக்கில் கொஞ்ச காலம் கட்டடக்கலை, 1826 முதல் பாரிஸில் ஃப்ரான்ஸ் கிறிஸ்டியன் கௌ என்ற ஜெர்மானியக் கட்டடக்கலைஞரிடம் பயிற்சி. 1830 ஜூலைப் புரட்சியை பாரிஸில் கண்ணால் பார்த்தார். அதே வருடம் இத்தாலிக்கும், அங்கிருந்து கிரேக்கத்துக்கும் கிளம்பினார்.

அந்தப் பயணத்தில்தான் முதல் வெடிகுண்டு. கிரேக்கக் கோயில் என்றால் வெள்ளைப் பளிங்கு என்று ஐரோப்பாவே நம்பிக்கொண்டிருந்த காலம். செம்பர் ஏதென்ஸின் கோயில்களில் மூலை முடுக்குகளில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களைத் தேடினார். அந்தப் பளிங்கு முழுக்க வண்ணம் பூசப்பட்டிருந்தது என்று 1834இல் ஒரு சிறு நூல் போட்டார். இதைச் சொன்ன முதல் ஆள் அவரில்லை, பாரிஸில் இந்த விவாதம் ஏற்கனவே சூடாக இருந்தது. ஆனால் அவர் அதிலிருந்து எடுத்த முடிவு வேறு. கல்லின் மேல் வண்ணம் என்பது அலங்காரம் அல்ல, உடையின் மிக மெல்லிய வடிவம் என்றார். கல் கல்லாகத் தெரியக் கூடாது, கலை அதை மூட வேண்டும். இந்த ஒரு எண்ணம் அவரை ஆயுள் முழுக்க விடவில்லை.

அதே 1834இல் டிரெஸ்டன் கலைக் கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளிக்குத் தலைமைப் பேராசிரியர் வேலை. உண்மையில் அந்த வேலை முதலில் கௌவுக்கு வந்தது, அவர்தான் தன் மாணவனைக் கைகாட்டினார். வயது முப்பது, பெரிய கட்டடம் ஒன்றுகூடக் கட்டியதில்லை. போனதும் பள்ளியை பாரிஸ் பாணிக்கு மாற்றினார். மாதிரிப் படங்களைப் பார்த்து வரைவதைவிட, ஆசிரியரின் பட்டறையில் உட்கார்ந்து தானே ஒரு கட்டடத்தைத் திட்டமிட்டுப் பழகுவதுதான் படிப்பு என்பது அவர் கொள்கை.

டிரெஸ்டனில் இருந்த பதினைந்து வருடம் அவருடைய பொற்காலம். 1838 முதல் 1840 வரை ஒரு யூதத் தொழுகைக்கூடம். வெளியே ரோமனெஸ்க் பாணி (தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் கொண்ட இடைக்காலப் பாணி), உள்ளே ஸ்பெயின் முஸ்லிம்களின் மூரிய அலங்காரம். ஐரோப்பாவில் பின்னால் எழுந்த பல தொழுகைக்கூடங்களின் உட்புறத்துக்கு இது முன்னோடி. 1838 முதல் 1841 வரை அரசவை நாடகசாலை. பிறகு 1847இல் தொடங்கிய ஓவியக் கூடம். ரஃபேலின் புகழ்பெற்ற ஓவியமான சிஸ்டைன் மடோன்னா இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

நாடகசாலையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதுவரை ஐரோப்பிய நாடகசாலைகள் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெட்டி, முன்னால் கோயில் போலத் தூண் வரிசை, அவ்வளவுதான். உள்ளே பார்வையாளர் வட்டமாக உட்கார்ந்திருப்பது வெளியே தெரியாது. செம்பர் முகப்பையே அரைவட்டமாக வளைத்துவிட்டார். சதுக்கத்தில் நிற்பவனுக்கு உள்ளே இருக்கும் கூடத்தின் வடிவம் அப்படியே தெரிகிறது. மேலே வளைவுகளும் அரைத்தூண்களும் இத்தாலியிலிருந்து வந்தவைதான். ஆனால் அந்த உடைக்குள் இருக்கும் உடம்பு யாரையும் நகலெடுக்கவில்லை. நீங்கள் கேட்ட "பார்த்துக் கட்டியதுதானே" என்பதற்கு என் முதல் எதிர்வாதம் இது.

பழம்பாணிக்காரர்களுக்குள் நடந்த சண்டையும் சின்னதல்ல. 1842இல் ஹம்பர்க்கில் பெருந்தீ. எரிந்துபோன நிக்கோலாய் தேவாலயத்தை மறுபடி கட்டப் போட்டி வைத்தார்கள். செம்பருக்கு முதல் பரிசு, குவிமாடம் வைத்த வடிவம். ஆனால் கட்டியது மூன்றாம் இடம் பெற்ற ஆங்கிலேயர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால கோதிக் பாணியில். கோதிக்தான் உண்மையான ஜெர்மன் பாணி என்ற அலை அப்போது வீசிக்கொண்டிருந்தது. சொந்த ஊரில் பட்ட இந்த அடியை செம்பர் மறக்கவில்லை, கோதிக்மேல் அவருக்கிருந்த கசப்பு கடைசிவரை போகவில்லை. மறுமலர்ச்சிப் பாணி நகர மக்களின் பாணி, கோதிக் பாதிரிமார்களின் பாணி என்பது அவர் கணக்கு. வரலாற்றாகப் பார்த்தால் இது சரியா என்று கேட்டால், ரொம்ப எளிமைப்படுத்திய கணக்குதான்.

1849 மே. சாக்சனி மன்னருக்கு எதிராக டிரெஸ்டனில் கிளர்ச்சி. அரசவை நாடகசாலையின் இசை இயக்குநர் ரிச்சர்ட் வாக்னரும், அந்த நாடகசாலையைக் கட்டிய பேராசிரியரும் ஒரே பக்கம் நின்றார்கள். வில்ஸ்ட்ரூஃபர் தெருவில் மக்கள் கண்டதைக் குவித்துப் போட்டிருந்த தடுப்பரணைப் பார்த்த செம்பருக்குப் பொறுக்கவில்லை. இப்படியா கட்டுவது என்று ஆட்களை வைத்து ஒழுங்காக எழுப்பவைத்தார். புரட்சியிலும் கட்டுமானத் தரம் பார்த்த மனிதர்! பிரஷ்யப் படை வந்து கிளர்ச்சியை நசுக்கியது. பிடியாணை பிறந்தது. மனைவி பெர்த்தாவையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஓடினார். ஓவியக் கூடத்தை மற்றவர்கள் முடித்தார்கள்.

பாரிஸில் வேலை கிடைக்கவில்லை. 1850இல் அமெரிக்காவுக்கே போய்விடுவது என்று லா ஆவ்ர் துறைமுகத்தில் கப்பல் ஏறும் நேரத்தில், லண்டனில் வேலை இருக்கலாம் என்று ஒரு கடிதம் வந்தது. இறங்கிவிட்டார். அந்தக் கடிதம் ஒரு நாள் தாமதித்திருந்தால் செம்பரின் கோட்பாடே இப்போதிருக்கும் வடிவில் இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஏனென்றால் அடுத்த வருடம் லண்டனில் நடந்தது உலகப் பொருட்காட்சி.

1851இல், பொருட்காட்சிக்காக இரும்பிலும் கண்ணாடியிலும் எழுப்பிய கிறிஸ்டல் பேலஸுக்குள் உலகத்தின் கைவேலை முழுவதும் ஒரே கூரையின் கீழ் குவிந்தது. செம்பருக்கு அங்கே கனடா, துருக்கி, ஸ்வீடன், டென்மார்க் பகுதிகளை அடுக்கி அலங்கரிக்கும் வேலை. வயிற்றுப்பாட்டுக்கு எடுத்துக்கொண்ட வேலைதான். ஆனால் அங்கே டிரினிடாடிலிருந்து வந்த ஒரு கரீபியக் குடிசையைப் பார்த்தார். மேடு தட்டிய தரை, நடுவில் அடுப்பு, மூங்கில் கால்களில் நிற்கும் கூரை, சுற்றிலும் பின்னல் பாய். நான்கும் தனித்தனி, ஒன்றோடொன்று கலக்கவில்லை. கட்டடக்கலையின் நான்கு மூலக்கூறுகள் என்று அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்தவை இவையேதான். அடுப்பிலிருந்து மண்பாண்டக் கலை, மேட்டிலிருந்து கொத்துவேலை, கூரையிலிருந்து தச்சுவேலை, தடுப்பிலிருந்து நெசவு.

இந்த நான்காவதுதான் முக்கியம். சுவரின் ஆதி வடிவம் செங்கல்லோ கல்லோ இல்லை, முடைந்த தட்டியும் தொங்கவிட்ட பாயும்தான் என்றார் செம்பர். பாரத்தைத் தாங்குவது கால்களின் வேலை, இடத்தைப் பிரித்துக் காட்டுவது துணியின் வேலை. பின்னால் கல்லில் சுவர் எழுப்பியபோதும் மனிதன் துணியை மறக்கவில்லை. பண்டைய நகரமான நினிவேயிலிருந்து பாரிஸுக்கு வந்திருந்த அசீரியக் கற்பலகைகளில் கம்பள வேலைப்பாடு அப்படியே கல்லில் செதுக்கப்பட்டிருந்ததை அவர் பார்த்திருந்தார். பொருள் மாறினாலும் வடிவம் பழைய பொருளின் நினைவைச் சுமந்துகொண்டே வரும். இதற்கு அவர் வைத்த பெயர் உடல் உணவைச் செரித்து மாற்றுவதற்கு ஜெர்மன் மொழியில் இருக்கும் அதே சொல், 'ஷ்டோஃப்வெக்சல்'. ஜெர்மனில் சுவருக்கு 'வாண்ட்', உடைக்கு 'கெவாண்ட்'. ஒரே வேர் என்று அவர் மகிழ்ந்துபோய்ச் சுட்டிக்காட்டுவார். சுவருக்கும் உடைக்கும் தனித்தனி வேர் வைத்திருக்கும் தமிழில் இந்த வாதம் எடுபட்டிருக்காது!

கிறிஸ்டல் பேலஸ் கட்டடத்தைப் பற்றி மட்டும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கண்ணாடி போட்டு மூடிய வெற்றிடம் என்கிற ரீதியில் எழுதினார். இரும்பு மெலிய மெலியத்தான் அதற்கு அழகு, மெலிந்தால் கண்ணுக்கே தெரியாது, பிறகு அதை வைத்து என்ன நினைவுச்சின்னம் கட்டுவது என்று கேட்டார். இந்த விஷயத்தில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை.

லண்டனில் ஹென்றி கோல் நடத்திய கலைப் பள்ளியில் உலோக வேலை வகுப்பு எடுத்தார். 1852இல் வெல்லிங்டன் பிரபுவின் சவ ஊர்வலத்துக்கு வெண்கலத் தேர் வடிவமைத்ததிலும் அவர் கை உண்டு. 12 குதிரைகள் இழுத்தும் அது வழியில் சேற்றில் புதைந்து நின்றது. அதை விட்டுவிடலாம். வகுப்பறையில் அவர் சொன்னதுதான் சுவாரசியம். கணிதம் படித்தவர் அல்லவா, பாணி என்பதையே ஒரு கணிதச் சார்பாக, அதாவது உள்ளே போடும் மாறிகளைப் பொறுத்து விடை மாறும் கணக்காக எழுதிக்காட்டினார். பயன்பாடு, பொருள், செய்முறை, இடம், காலம், செய்பவர், செய்யச் சொன்னவர் எல்லாம் மாறிகள். இவற்றில் எது மாறினாலும் வடிவம் மாறும், மாற வேண்டும்.

மாணவர்களுக்கு அவர் காட்டிய உதாரணம் ஒன்றை நான் இன்றும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். இரண்டு நீர்ப் பாத்திரங்கள். ஒன்று எகிப்தியர் நைல் ஆற்றில் மொண்ட சிதுலா என்ற வாளி. இன்னொன்று கிரேக்கப் பெண்கள் ஊற்றில் பிடித்த ஹைட்ரியா என்ற குடம். சிதுலா மழைத்துளி மாதிரி, அடி பருத்து மேலே ஒடுங்கியது. தோளில் ஒரு தடியைக் குறுக்கே போட்டு அதில் தொங்கவிட்டுச் சுமப்பார்கள். கனம் அடியில் இருப்பதால் ஆடினாலும் தளும்பாது. கீழே வைத்தால் நிற்காது, ஆற்றில் முக்கி எடுக்கும் வாளிக்கு நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. ஹைட்ரியா நேர்மாறு. தோள் அகன்று, அடி குறுகி, வாய் விரிந்தது. விழும் நீரைப் பிடிக்க அந்த வாய். தலையில் வைத்துச் சுமப்பதால் கனம் மேலே. சந்தேகமிருந்தால் ஒரு கோலை விரல் நுனியில் நிறுத்திப் பாருங்கள், கனமான முனை மேலே இருந்தால்தான் நிறுத்துவது சுலபம் என்கிறார். இரண்டு பக்கமும் படுக்கைவாட்டில் பிடிகள் தூக்குவதற்கு, பின்னால் நெட்டுக்குத்தாக ஒன்று சாய்த்து ஊற்றுவதற்கு. இரண்டு பாத்திரங்களையும் விவரித்துவிட்டு, அந்தந்த மக்களின் கோயில்களும் இந்தப் பாத்திரங்களில் ஒளிந்திருக்கின்றன என்று ஒரு தாவு தாவுவார். தாவல் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதைக் கேட்ட மாணவன் அதன்பிறகு எந்தப் பொருளையும் சும்மா பார்க்க மாட்டான்.

1855இல் சூரிச்சில் புதிதாகத் திறந்த தொழில்நுட்பக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. இன்று ஈ.டி.எச். என்று உலகம் அறிந்த நிறுவனம். அவரைப் போலவே அங்கே அடைக்கலமாகியிருந்த வாக்னர் இதற்காகப் பேசினார். கல்லூரியின் முதன்மைக் கட்டடத்தையும் 1858 முதல் 1864 வரை செம்பரே கட்டினார். சுவிஸ்காரர்கள் காசை எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள். நகரத்தைப் பார்த்த மேற்கு முகப்புக்கு நல்ல கல் கிடைத்தது. வடக்கு முகப்புக்கு வெறும் சாந்துப் பூச்சுதான். அங்கே செம்பர் செய்த வேலையைப் போய்ப் பார்க்க வேண்டும். கரிய சாந்து பூசி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காய்வதற்குள் சுரண்டிச் சுரண்டி உருவங்கள், அறிஞர்களின் பெயர்கள், பூவேலை என்று சுவர் முழுக்க வரைய வைத்தார். சுண்ணாம்பைச் சுரண்டிய இடத்தில் கருப்பு தெரியும், விட்ட இடத்தில் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய சித்திரத் துணியொன்றை விரித்துப் போட்டதுபோல இருக்கும். அவர் கோட்பாட்டை ஒரே சுவரில் காட்டு என்று என்னைக் கேட்டால் நான் காட்டுவது இந்த மலிவான சுவரைத்தான்.

சூரிச்சில் அவருக்குத் திருப்தி இல்லை. கல்லூரி பொறியாளர்களுக்கானது, கட்டடக்கலை மாணவர்கள் கொஞ்சம்தான். ஆனால் எழுத நேரம் கிடைத்தது. பாணியைப் பற்றிய பெருநூலின் முதல் தொகுதி 1860இல், இரண்டாம் தொகுதி 1863இல். முதல் தொகுதி முழுக்க நெசவுதான்: முடிச்சு, பின்னல், தையல், ஓரம், சாயம். கட்டடக்கலைப் புத்தகம் என்று வாங்கியவன் துணிக்கடைக்குள் வந்துவிட்டோமோ என்று திகைத்திருப்பான். கட்டடங்களை நேரடியாகப் பேசவேண்டிய மூன்றாம் தொகுதி வரவே இல்லை. அவரைப் படித்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த மூன்றாம் தொகுதியைத் தங்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இடையில் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக், வாக்னரின் இசை நாடகங்களுக்காக மியூனிக்கில் ஒரு மாபெரும் அரங்கம் கட்டச் சொன்னார். 1864 முதல் மூன்று வருடம் வரைந்தார், மாதிரிகள் செய்தார், எதுவும் எழும்பவில்லை. ஊதியத்தை வாங்கவே வழக்குப் போடுவேன் என்று மிரட்ட வேண்டியிருந்தது. வாத்தியக் குழுவைப் பள்ளத்தில் மறைப்பதும், மேடைக்கு முன்னால் இரட்டைச் சட்டகம் வைப்பதும் பிறகு பைராய்ட் என்ற ஊரில் வாக்னர் கட்டிய அரங்கத்தில் தலைகாட்டின. செம்பருக்கு அதில் பங்கு கொடுக்கவில்லை. நட்பும் ஆறிப்போனது.

1869 செப்டம்பர் 21, டிரெஸ்டன் நாடகசாலை எரிந்தது. பிடியாணை 1863லேயே நீங்கியிருந்தது. ஒரு காலத்தில் அவரைத் துரத்திய ஊர் மக்களே, மறுபடி செம்பர்தான் கட்ட வேண்டும் என்றார்கள். அதற்குள் வியன்னாவிலிருந்து ஆஸ்திரியப் பேரரசரின் அழைப்பு வந்திருந்தது. அங்கிருந்தே வரைபடங்களை அனுப்பினார், மகன் மன்ஃப்ரெட் டிரெஸ்டனில் நின்று 1871 முதல் 1878 வரை கட்டி முடித்தார். வியன்னாவில் கட்டடக்கலைஞர் கார்ல் ஹாசெனாவரோடு சேர்ந்து திட்டமிட்டவை எதிரெதிரே நிற்கும் இரண்டு அருங்காட்சியகங்கள், பூர்க் நாடகசாலை, அரண்மனையின் புதிய பகுதி. ஹாசெனாவரோடு ஒத்துப்போகவில்லை, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. இவற்றில் ஒன்றுகூட முடிந்து திறப்பதை அவர் பார்க்கவில்லை. 1879 மே 15 ரோமில் இறந்தார். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அந்த அருங்காட்சியகங்களில் உடை கனத்துப்போய் உடம்பு மறைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். டிரெஸ்டன் முதல் நாடகசாலையின் துடிப்பு அங்கே இல்லை.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. வியன்னாவின் நவீனக் கட்டடக்கலைஞர் அடோல்ஃப் லோஸ் 1898இல் எழுதிய கட்டுரையில், முதலில் கம்பளம், அதைத் தாங்கத்தான் பிறகு சட்டகம் என்று செம்பரை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆனால் மேல்பூச்சு தன்னை அடியிலிருக்கும் பொருளாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டார். இன்னொரு வியன்னாக் கட்டடக்கலைஞர் ஓட்டோ வாக்னர் (இசைக்கார வாக்னர் அல்ல) வியன்னா அஞ்சல் சேமிப்பு வங்கியில், 1904 முதல் 1906 வரை, செங்கல் சுவரின்மேல் மெல்லிய கற்பலகைகளைப் பதித்து, அலுமினியத் தலைகள் வெளியே தெரிய ஆணியடித்ததுபோலக் காட்டினார். கல் என்பது போர்த்திய துணி என்பதை அதைவிட வெளிப்படையாக யாரும் சொன்னதில்லை. சூரிச்சில் செம்பரின் சீடர்களிடம் படித்த டச்சுக் கட்டடக்கலைஞர் பெர்லாகே, ஆம்ஸ்டர்டாமில் பங்குச்சந்தைக் கட்டடம் கட்டினார். அங்கே செங்கல் சுவர் இழுத்துக் கட்டிய துணிபோல மடிப்பில்லாமல் தட்டையாக நிற்கிறது. மூவரும் மறுமலர்ச்சித் தூண்களைத் தூக்கி எறிந்தவர்கள். மூவரின் கையிலும் செம்பர் இருந்தார். மாறிகள் மாறினால் வடிவம் மாற வேண்டும் என்று அவர் கரும்பலகையில் எழுதிய கணக்கை அவரைவிட நேர்மையாகப் போட்டுப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் பார்த்த ஒபேரா பற்றி ஒரு வார்த்தை. அது 1878 கட்டடமும் அல்ல. 1945 பிப்ரவரி 13 குண்டுவீச்சில் அது அழிந்தது. சரியாக நாற்பது வருடம் கழித்து, 1985 பிப்ரவரி 13 அன்று மீண்டும் திறந்தார்கள். அழிவதற்கு முன் அங்கே கடைசியாக அரங்கேறிய, இசையமைப்பாளர் வெபரின் ஒபேராவையே முதலில் மேடையேற்றினார்கள். ஜெர்மனியில் பலருக்கு அந்தக் கட்டடத்தை ராடெபெர்கர் பீர் விளம்பரம் மூலம்தான் தெரியும், அது மதுபான ஆலை என்று நினைப்பவர்களும் உண்டு என்று அங்கே கேலி பேசுவார்கள். அடுத்த முறை போனால் உள்ளே நுழைவுக் கூடங்களில் மரப்பலகைகளைத் தட்டிப் பாருங்கள். மரம் இல்லை, பூச்சின்மேல் தீட்டிய ஓவியம். பளிங்குத் தூண்கள் பலவும் சாந்தில் நிறம் குழைத்து மெருகேற்றியவை. காசில்லாமல் செய்த ஏமாற்று என்று நினைக்கத் தோன்றும். நல்ல மரமும் நல்ல பளிங்கும் கிடைக்காமல் இல்லை. கலையில் பொருள் கரைந்து மறைய வேண்டும் என்று நம்பிய மனிதரின் அரங்கம் அது. போலிமரத்தை லோஸ் சகித்திருக்க மாட்டார்தான்.

அவர் கட்டிய தொழுகைக்கூடத்தை 1938 நவம்பர் 9 இரவு நாஜிகள் எரித்தார்கள். கோபுரத்திலிருந்த நட்சத்திரத்தை ஆல்ஃபிரட் நாய்கெபாவர் என்ற தீயணைப்பு வீரர் எடுத்து ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். 2001இல் அதே இடத்தருகே புதிய தொழுகைக்கூடம் எழுந்தபோது அந்த நட்சத்திரத்தை வாசலுக்கு மேல் பதித்தார்கள். வெளியே அலங்காரமே இல்லாத, லேசாக முறுக்கிய கற்பெட்டி. ஒபேராவிலிருந்து நடந்து போகும் தூரம்தான், உள்ளே விடும் நேரம் பார்த்துப் போங்கள். தொழுமிடத்தைச் சுற்றிலும் கூடாரம்போலத் தொங்குவது பொன்னிறக் கம்பியில் பின்னிய திரை.